ஹூஸ்டனில் வெயிலைப் பார்க்காதீர்கள், தண்ணீர் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து டெக்சாஸ் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்கிறோம் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் பேசினார்கள். அங்கே வெயில் தாங்காது, ஆகஸ்டில் வெளியே கால் வைக்க முடியாது, பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று. சென்னையில் வளர்ந்த எனக்கும் கணவருக்கும் வெயில் புதிதில்லை. ஒரு வருடம் வீடு தேடியபின் எனக்குத் தெளிவானது வேறு. ஹூஸ்டனில் தட்பவெப்பம் தனி, குடியிருப்பு தனி என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. வெயில் ஊர் முழுக்க ஒன்றுதான். மழைத்தண்ணீர் அப்படியில்லை. ஒரே பின்கோடில், ஒரே பள்ளிக்கூட எல்லைக்குள், ஒரு தெரு நனையாமல் இருக்கும். அடுத்த தெருவில் கூடத்துக்குள் படகு வந்திருக்கும்.

கணவரின் அலுவலகம் அவருடைய பிரிவையே ஹூஸ்டனுக்கு மாற்றப்போவதாக ஒரு வருடம் முன்பே சொல்லிவிட்டது. அந்த அவகாசம் எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்தால் முதல் வேலையாக ஆகஸ்டில் ஒரு முறை ஊரைப் போய்ப் பாருங்கள். வேலைக்கு எடுப்பவர்கள் கூட்டிப்போவது பெரும்பாலும் மார்ச்சில். மார்ச்சில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் புளூபானட் பூத்திருக்கும், காற்று இதமாக இருக்கும், எந்த வீட்டைப் பார்த்தாலும் பிடிக்கும். நாங்கள் 2021 ஆகஸ்டில் போனோம். பகலில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 35. எண்ணாகப் பார்த்தால் சென்னை மே மாதத்தைவிடக் குறைவு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் சட்டை உடம்போடு ஒட்டுகிறது. கடற்கரை எண்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் சாயங்காலக் கடற்காற்று நாம் பழகிய மாதிரி வந்து ஆற்றுவதில்லை. இது மே கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை நீடிக்கும். பிள்ளைகள் காலை பத்துக்குள் விளையாடி முடிக்க வேண்டும், இல்லையென்றால் மாலை ஏழுக்கு மேல். அதனால் நீச்சல் குளமும் மரநிழல் உள்ள நடைபாதையும் இருக்கும் குடியிருப்பா என்பது இங்கே ஆடம்பரக் கேள்வி இல்லை.

வெயிலைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லி விட்டுவிடுகிறேன். வீட்டின் ஏசி எந்த வருடத்தது, எத்தனை டன், பரணில் இன்சுலேஷன் எவ்வளவு கனம் என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஏசி என்றால் அதை மாற்றும் செலவை வீட்டு விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். அடுத்து கரன்ட். ஹூஸ்டனில் மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கிறோம், திட்டங்கள் ஏராளம். இரவு இலவசம், வாரக்கடைசி இலவசம் என்றெல்லாம் கண்ணைக் கவரும். கோடையில் உங்கள் வீடு எவ்வளவு யூனிட் இழுக்குமோ அந்த அளவுக்கு யூனிட் விலை என்ன, அது ஒப்பந்தக் காலம் முழுக்க மாறாமல் இருக்குமா என்ற இரண்டை மட்டும் பார்த்து எடுத்தால் போதும்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

கணவருக்கு வேலை எனர்ஜி காரிடாரில். ஐ-10 நெடுஞ்சாலையின் இருபக்கமும் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் பகுதி அது. அங்கே வேலை என்றால் தமிழ்க் குடும்பங்கள் முதலில் பார்ப்பது கேட்டி பக்கம். பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது, நம் மளிகைக் கடைகளும் பக்கத்திலேயே. சுகர் லேண்ட் அடுத்து. பியர்லாந்தில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, ஆனால் எனர்ஜி காரிடாருக்கு அங்கிருந்து தினமும் போய்வருவது பெரும்பாடு. ஆகவே கேட்டி என்று ஏறக்குறைய முடிவு செய்து வைத்திருந்தோம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா இருப்பது முடிச்சூரில். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது அந்தப் பகுதி எப்படி மூழ்கியது என்று பார்த்தவர். பள்ளிக்கூடத்தைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. “அந்த ஊர்ல ஏரி எங்க இருக்கு? வீடு ஏரிக்கு எந்தப் பக்கம்?” என்றார். ஏரியெல்லாம் இல்லம்மா, பூங்காதான் இருக்கு என்றேன். “பூங்காவுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு பாரு” என்றார்.

பார்த்தேன். அந்தப் பூங்கா ஏரியேதான். ஜார்ஜ் புஷ் பார்க் என்று வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் பெரிய இடம் பார்க்கர் நீர்த்தேக்கத்தின் உட்புறம். ஐ-10க்கு வடக்கே ஆடிக்ஸ் நீர்த்தேக்கம். 1929-லும் 1935-லும் நகரத்தின் மையத்தை வெள்ளம் அடித்துப்போனபின் ராணுவப் பொறியாளர் படை 1940-களில் கட்டிய மண் கரைகள் இவை. மழை இல்லாத நாளில் தண்ணீரே இருக்காது. சைக்கிள் ஓட்டுவார்கள், பந்து விளையாடுவார்கள், மான் மேயும். பெருமழை வந்தால் மட்டும் மதகை மூடித் தண்ணீரைப் பிடித்து வைத்து, பிறகு பஃபலோ பேயு என்ற ஓடை வழியாக மெதுவாக விடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், தேக்கம் முழுதாக நிரம்பினால் தண்ணீர் நிற்கக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. பார்க்கரில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 95 அடி உயரம்வரை உள்ள நிலம்தான் அரசுடையது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஊரின் மேலேயே நின்று நாள்கணக்கில் கொட்டியபோது பார்க்கரில் தண்ணீர் 101 அடியைத் தாண்டியது. இடைப்பட்ட ஆறு அடி உயரத்தில் இருந்தவை குடியிருப்புகள். அவற்றில் பல ஃபெமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் வெள்ள வரைபடத்தில் அபாய மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. வங்கி கேட்கவில்லை, அதனால் பெரும்பாலானோர் வெள்ளக் காப்பீடு எடுக்கவில்லை. தேக்கம் தாங்காமல் மதகைத் திறந்தபோது கீழ்ப்பக்கம் பஃபலோ பேயு கரையில் இருந்தவர்களின் வீடுகளும் மூழ்கின. மேல்பக்கத்து வீடுகளுக்கு அரசுதான் பொறுப்பு என்று 2019-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லதுதான். ஆனால் நனைந்த வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரால் தீர்ப்புக்குக் காத்திருக்க முடியும்?

இதில் என்னை மிகவும் கோபப்படுத்தியது ஒன்று உண்டு. மனைப்பிரிவு வரைபடம் என்று ஒன்று கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவாகியிருக்கும், பிளாட் என்பார்கள். பார்க்கரை ஒட்டிய சில மனைப்பிரிவுகளின் பிளாட்டில், இந்த இடம் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, ராணுவப் பொறியாளர் படையின் கட்டுப்பாட்டில் நீண்ட நாள் தண்ணீர் தேக்கப்படுவதற்கு உட்பட்டது என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. வீடு வாங்கும் நாளில் கையெழுத்துப் போடும் கட்டுக் காகிதத்தில் அந்தப் பிளாட் கண்ணில் படவே படாது. ஹார்விக்குப் பிறகுதான் அப்படி ஒரு வரி இருப்பதே பலருக்குத் தெரிய வந்தது. 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸ் சட்டம் மாறிவிட்டது. வீட்டுக்குள் முன்பு தண்ணீர் வந்ததா, வெள்ளக் காப்பீட்டுப் பணம் வாங்கினார்களா, வீடு நீர்த்தேக்கத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தை ரியல்டர் (வீட்டுத் தரகர்) மேலோட்டமாகச் சொல்லக் கேட்காமல், நீங்களே வரி வரியாகப் படியுங்கள்.

எங்கள் தேடல் இதற்குப் பிறகு மாறியது. வீட்டுப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தரையின் உயரத்தைப் பார்ப்பேன். முகவரியைப் போட்டு ஃபெமா வரைபடம், ஹாரிஸ் கவுன்ட்டி வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையின் வரைபடம், பிறகு நிலத்தின் உயரம். பார்க்கர் பக்கம் என்றால் 101 அடி என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்வேன். அதற்கு அருகில் இருந்தால் சமையலறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீடு கிடையாது. ‘நூறு வருட வெள்ளம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று பொருளில்லை; ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருடக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது வருவதற்கு நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமான வாய்ப்பு. மேயர்லேண்ட் என்ற பகுதி பிரேஸ் பேயு ஓடையை ஒட்டியது. அங்கே 2015, 2016, 2017 என்று மூன்று வருடம் தொடர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது.

சுகர் லேண்டைப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று. அங்கே பல குடியிருப்புகளைப் பிரேசோஸ் ஆற்றிலிருந்து காப்பது கரைகள். அந்தக் கரைகளுக்கென்று தனி மாவட்டம், தனி வரி. கரை ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறதா, மழைநீரை வெளியேற்றும் பம்புகள் எத்தனை, ஹார்வியில் வெளியேறச் சொன்னார்களா என்று கேட்கலாம். எல்லாம் பொதுத் தகவல்தான்.

நெட்டில் பார்த்தது பாதி. மீதியைத் தெருவில் நடந்து தெரிந்துகொண்டோம். வார நாளில் சாயங்காலம் போய், நாயோடு நடப்பவர்களை, குழாய் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர்களை நிறுத்தி ஒரே கேள்வி: ஹார்வியில் தண்ணீர் எதுவரை வந்தது? யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரியவர் என்னைக் கூட்டிப்போய் நடைபாதை விளிம்பைக் காட்டினார். தெருமுனைத் தபால் பெட்டியின் அடிவரை வந்தது, இந்த மேட்டில் நின்றுவிட்டது, அந்த வளைவுக்கு அப்பால் எட்டு வீட்டில் உள்ளே போனது என்று விரலால் கோடு போட்டார். நாங்கள் பார்க்க வந்த வீடு வளைவுக்கு அப்பால் இருந்தது.

கேட்டியின் மேற்குப் பகுதி ஒரு காலத்தில் நெல் வயல். பழைய நெல் உலர்த்தும் கட்டடங்கள் ஊருக்குள் இன்னும் நிற்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளான என் மாமனாருக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. உடனே, “நெல்லு வெளைஞ்ச மண்ணுன்னா தண்ணி கீழ எறங்காதேம்மா” என்றார். அதேதான். ஹூஸ்டன் மண் களிமண். மழையில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வீடுகள் அதன்மேல் ஒரே கான்கிரீட் பலகையாக உட்கார்ந்திருக்கின்றன. எடிசனில் இருந்தது போல நிலவறை கிடையாது. மண் ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் பலகை சாயும், சுவர் விரியும், கதவு மூடாது. 2023 கோடை இங்கே கடும் வறட்சி. நாங்கள் வீடு வாங்கத் தீவிரமாக அலைந்தது அப்போதுதான், அதுவே எங்களுக்கு உதவியாகவும் ஆனது. கதவு மேல்மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், ஜன்னலுக்கு வெளியே செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி ஓடும் விரிசல் எல்லாம் புதுப் பெயின்ட்டையும் மீறித் தெரிந்தன. சாதாரண இன்ஸ்பெக்டரோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாகக் கூட்டிவந்து பலகையின் சமமட்டம் அளக்கச் சொன்னோம். சில நூறு டாலர் ஆனது. இங்கே கோடையில் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு அஸ்திவாரத்து மண்ணுக்கே தண்ணீர் விடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு விநோதமாகத் தெரியும். ஆனால் அவசியம்.

எங்கள் சின்னவனுக்கு வீசிங் உண்டு. அதனால் காற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. ஹூஸ்டனின் கிழக்கே கப்பல் கால்வாயை ஒட்டி, பாசடீனா, டீர் பார்க் பக்கம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும். 2019 மார்ச்சில் டீர் பார்க்கில் ஒரு கிடங்கு நாள்கணக்கில் எரிந்து கரும்புகை பரவியது. அந்தத் திசையில் வாடகை குறைவு, வீடு பெரிது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. மேற்கே வந்தாலும் ஓக் மர மகரந்தம் விடாது. மார்ச்சில் கார் மேல் மஞ்சள் பொடி படியும், அவன் இன்ஹேலரைத் தேடுவான். ஜில்லென்ற எடிசன் குளிரில் அவனுக்கு வந்த தொல்லை இங்கே குறைந்தது. மகரந்தத் தொல்லை கூடியது. மருத்துவரிடம் முன்பே கேட்டு ஆயத்தமாக வந்தது நல்லதாயிற்று.

பள்ளிக்கூடம் பற்றி எல்லோரும் மதிப்பெண் தரவரிசையைத்தான் பார்க்கிறார்கள். பெரிய பிள்ளை எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். டெக்சாஸில் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்ற சட்டம் 1997-லிருந்து இருக்கிறது. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதைவிடக் குறைவான சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 2026 சேர்க்கையிலிருந்து முதல் ஐந்து சதவீதம். எல்லாப் பிள்ளைகளும் முட்டிமோதும் பள்ளியில் நம் பிள்ளை நன்றாகப் படித்தும் அந்தச் சதவீதத்துக்குள் வராமல் போகலாம். என் மகளிடம் இதை விளக்கி, இரண்டு பள்ளிகளையும் காட்டி, அவளிடமே கேட்டோம். பெயர் கொஞ்சம் குறைந்த, இசைக்குழு நன்றாக இருந்த பள்ளியை அவள் சொன்னாள். அந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு தேடினோம். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை அப்படியே நம்பாதீர்கள். ஊர் வேகமாக வளர்வதால் எல்லைகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளி மாவட்டத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அங்கே போன் செய்தும் கேளுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று மகிழ்ந்து வருகிறவர்கள் சொத்து வரியில் திகைக்கிறார்கள். புதுக் குடியிருப்புகளில் தண்ணீர், சாக்கடை போட்ட கடனை அடைக்க மட் டாக்ஸ் என்று தனியாக வரும். எல்லாம் சேர்ந்து வீட்டு மதிப்பில் மூன்று சதவீதத்தைத் தொடும் இடங்கள் உண்டு. மட் கடன் தீர்ந்துவரும் பழைய இடங்களில் இரண்டு, இரண்டரை. ஒரே விலையுள்ள இரண்டு வீடுகளுக்கு மாதத் தவணை சில நூறு டாலர் வித்தியாசப்படுவது இதனால்தான். குடியேறியதும், சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தரும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு எழுதிப் போடுங்கள். பள்ளி வரிக்கு அந்த விலக்கு 2023-இல் 1 லட்சம் டாலராகவும், 2025-இல் 1,40,000 டாலராகவும் உயர்ந்திருக்கிறது.

2022 ஜூனில் வந்தபோது வீடு வாங்கவில்லை. ஒரு வருடத்துக்கு அப்பார்ட்மென்ட் எடுத்தோம். பணத்தை வீணாக்குகிறீர்கள், வட்டி ஏறுகிறது என்று பலரும் சொன்னார்கள். வட்டி ஏறவும் செய்தது. ஆனாலும் வரும் குடும்பங்களுக்கு நான் இதையேதான் சொல்வேன். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஒரு புயல் காலத்தையும் ஒரு பிப்ரவரியையும் வாடகை வீட்டில் கழித்துப் பார்த்தால், பெருமழை நாளில் எந்தச் சுரங்கப்பாதை மூழ்குகிறது, அலுவலகத்துக்குப் போக எத்தனை டோல் கட்ட வேண்டியிருக்கிறது, எந்த வழியில் பள்ளிப் பேருந்து தாமதமாகிறது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். பிப்ரவரியை ஏன் சொல்கிறேன் என்றால், 2021 பிப்ரவரி உறைபனியில் மாநிலமே இருட்டில் கிடந்தது. பரண் வழியாகப் போகும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, மேலிருந்து வெள்ளம் வந்த வீடுகள் ஏராளம். வீடு பார்க்கும்போது குழாய் எங்கே ஓடுகிறது, மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியில் கிராண்ட் பார்க்வே நெடுஞ்சாலைக்கு மேற்கே, தேக்கத்தின் எல்லையிலிருந்து நன்றாக உயரத்தில், நாங்கள் முதலில் நினைத்ததைவிடச் சின்ன வீடாக வாங்கினோம். அபாய மண்டலம் இல்லை, வங்கியும் கேட்கவில்லை. இருந்தும் வெள்ளக் காப்பீடு எடுத்தோம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஒரு டாலர்கூடத் தராது. அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1 லட்சம். புயல் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தபின் எடுத்தால் பயனில்லை, முப்பது நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் முடிக்கும்போது அதோடு சேர்த்தே எடுத்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது. வீட்டுக் காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டி மழைக்கு நாம் ஏற்க வேண்டிய பங்கு வீட்டு மதிப்பில் சதவீதமாக இருக்கும். நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் 8,000 டாலர் நம் கையிலிருந்து போகும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

2024 ஜூலை 8-இல் பெரில் புயல் வந்தது. முதல் நிலைப் புயல்தான், ஆனால் இருபது லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குக் கரன்ட் போனது; பல இடங்களில் நாள்கணக்கில் வரவில்லை. அம்மா அப்போது எங்களோடு இருந்தார். எங்கள் தெருவுக்குள் மின்கம்பிகள் தரைக்கு அடியில் போகின்றன, ஆனால் தெருவுக்கு வரும் பெரிய கம்பி மேலேதான். அதனால் எங்களுக்கும் போனது, ஆனால் சீக்கிரம் வந்துவிட்டது. பெரிய ஓக் மரங்கள் நிறைந்த பழைய பகுதியில் இருந்த நண்பர் குடும்பத்துக்கு ஒரு வாரம் கரன்ட் இல்லை. அவர்களும் குழந்தையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எரிவாயு அடுப்பு என்பதால் கரன்ட் இல்லாத நேரத்திலும் தீக்குச்சி கிழித்துச் சமைக்க முடிந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு நண்பரும் நானும் எங்களிடம் விசாரிக்கும் குடும்பங்களுக்கு ஒரு கேள்வியைக் கூட்டிவிட்டோம்: பெரிலில் இந்தத் தெருவுக்கு எந்த நாள் கரன்ட் வந்தது? அக்கம்பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் உடனே பதில் கிடைக்கிறது.